வெயில் விளையும் சீமையில் ஒரு ஏசி வண்டி

திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடி வரும்போதே காற்றின் குணம் மாறிவிடுகிறது. நான்கு வழிச்சாலையின் இரண்டு பக்கமும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. பச்சையென்று கண்ணுக்குப் படுவது சீமைக் கருவேலம் மட்டும்தான். அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்வதால், மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. வைகாசியில் வருகிறவனுக்குக் கிடைப்பது வெயில்.

இந்த வெயிலுக்குள் ஏசி வைத்த வண்டியில் போய்வருவது என்பதுதான் பயணத்தின் நோக்கமே. மச்சானின் நண்பர் ஒருவர் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, நான்கு பேர் படுக்கிற மாதிரி கட்டில் அடித்து, சின்ன அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்திருந்தார். கூடவே ஒரு டன் ஏசி. அதை ஓட்ட பெட்ரோலில் ஓடும் 2 கே.வி.ஏ. ஜெனரேட்டர், பின்பக்கக் கேரியரில் கட்டப்பட்டிருந்தது. சினிமாக்காரர்கள் புண்ணியத்தில் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் கேரவன் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் குடும்பத்தோடு அப்படி ஊர் சுற்றுவது இப்போதுதான் மெல்லத் தலையெடுக்கிறது. கேரளம் 2021இல் இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. 2023இல் வந்த தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் இருக்கிறது.

மதுரையில் விடியற்காலை ஏசி சமர்த்தாக எடுத்தது. விருதுநகருக்குள் நுழையும்போது மணி ஒன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் வண்டியைக் கொஞ்சம் குளிரவைக்கலாம் என்று சாலையோரப் புளியமரத்தடியில் நிறுத்தி ஜெனரேட்டரைப் போட்டோம். ஏசி ஓட ஆரம்பித்து, கம்ப்ரசர் எடுக்கும் நொடியில் ஜெனரேட்டர் ஒரு முனகு முனகி நின்றுபோனது. மறுபடி போட்டோம். மறுபடியும் அதே கதைதான்.

விருதுநகரில் மோட்டார் காயில் கட்டும் கடைகளுக்குக் குறைவில்லை. எண்ணெய் செக்கு, பருப்பு மில், மிளகாய் அரவை என்று ஊரே மோட்டாரில் ஓடுவது. ஒரு கடையில் வயதான மெக்கானிக் ஒருவர் எழுந்து வந்தார். ஜெனரேட்டர் பக்கம் போகவே இல்லை. ஏசியிலிருந்து வரும் ஒயரில் டாங் டெஸ்டரை மாட்டினார்.

“காலையில எடுத்துச்சு, மத்தியானம் எடுக்கல. அதானே அண்ணாச்சி?”

ஆமாம் என்றேன். அவர் விளக்கியது எனக்கு இன்றுவரை உதவுகிறது. ஓடும்போது ஒரு டன் ஏசி இழுப்பது ஐந்து ஆம்பியர் சொச்சம். 1,100, 1,200 வாட். 2 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தாராளமாகத் தாங்கும் என்று தோன்றும். ஆனால் கே.வி.ஏ. என்பது வாட் ஆகாது. இந்தச் சின்ன ஜெனரேட்டர்களில் தொடர்ந்து கிடைப்பது 1,600 வாட்டை ஒட்டித்தான். கம்ப்ரசர் மோட்டாரோ நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த ஒரு நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல மூன்று, நான்கு மடங்கு இழுக்கும். வீட்டில் மின்வாரிய லைன் அதைக் கண்டுகொள்ளாது. விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும், அவ்வளவுதான். கையில் தூக்கும் ஜெனரேட்டருக்கு அந்த நொடிதான் பரீட்சை.

சரி, காலையில் தேறியது மத்தியானம் ஏன் தோற்றது? காரணம் வெயில், அதுவும் இரண்டு பக்கத்திலிருந்தும். சூடான காற்று லேசானது. ஒரே அளவு காற்றை உள்ளே இழுத்தாலும் எஞ்சினுக்குக் கிடைக்கும் பிராணவாயு குறைவு, அதனால் பலமும் குறைவு. அதே வேளையில் கூரை மேல் இருக்கும் ஏசி தன் சூட்டை 40 டிகிரி காற்றில் தள்ளியாக வேண்டும். தள்ள முடியாமல் குழாய்க்குள் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற கம்ப்ரசரின் இழுவையும் ஏறுகிறது. கொடுக்கிறவன் கை சுருங்கும் அதே மணி நேரத்தில் கேட்கிறவன் கை நீள்கிறது. ஏசி எந்த நேரத்துக்கு வேண்டுமோ அந்த நேரத்தில்தான் ஜெனரேட்டர் சோர்ந்துபோகும். குளிர்நாட்டில் எழுதிய பட்டியலைப் பார்த்து, இத்தனை வாட்டுக்கு இத்தனை கே.வி.ஏ. என்று கணக்குப் போட்டு வாங்குகிறவர்கள் கரிசல் பூமிக்கு வந்தால் இந்த இடத்தில்தான் நிற்பார்கள்.

நாங்கள் உடனே உடனே போட்டுப் பார்த்ததும் உதவாது என்றார் அவர். நின்ற கம்ப்ரசரின் இரண்டு பக்கத்து அழுத்தமும் சமமாக மூன்று, நான்கு நிமிடம் ஆகும். அதற்குள் போட்டால் மலையேற்றத்தில் வண்டியை மூன்றாம் கியரில் எடுக்கிற கதை. ஸ்டார்ட்டிங்குக்கு ஒரு கப்பாசிட்டர் சேர்த்துக் கட்டித் தந்தார். “இது ஒப்பேத்தும். ஊருக்குப் போயி இன்வெர்ட்டர் ஏசியா மாத்திருங்க. அது மெதுவா மெதுவா ஏறும், இப்படிக் கழுத்தப் பிடிக்காது” என்றார். காசு வாங்கிக்கொண்டு, எந்தப் பக்கம் போகிறோம் என்று விசாரித்தார். சிவகாசி என்றதும் முகம் மாறியது.

“அங்க வண்டிய எங்கன நிறுத்துறோம்னு பார்த்து நிறுத்துங்க அண்ணாச்சி. ரோட்டுக்கு உள்ளடங்கி வெள்ளையடிச்ச சின்னச் சின்ன ரூமா தெரிஞ்சா, அந்தப் பக்கத்துலயே இந்த ஜெனரேட்டர எடுக்கக் கூடாது.”

விருதுநகரில் அதற்குமேல் அதிகம் சுற்றவில்லை. எண்ணெயில் பொரித்த பரோட்டாவைச் சால்னாவில் நனைத்துச் சாப்பிட்டோம். 1903இல் இந்த ஊரில்தான் காமராஜர் பிறந்தார், அப்போது இது விருதுபட்டி. அவர் வளர்ந்த வீடு இன்று நினைவில்லம். உள்ளே நின்றபோது, அந்தக் கால நாட்டு வீடுகள் இந்த வெயிலை எப்படிச் சமாளித்தன என்றுதான் மனம் போனது. தடித்த சுவர், கனத்த கூரை, சிறிய சன்னல். எங்கள் வண்டியின் தகர உடம்பு ஒரு மணி நேரத்தில் வாங்கும் சூட்டை அந்தச் சுவர்கள் சாயங்காலம் வரை உள்ளே விடுவதில்லை. வண்டி கட்டுகிறவர்கள் ஏசிக்குச் செலவழிக்கும் முன் கூரைக்கும் பக்கத்தகட்டுக்கும் கனமாக நுரைத் தகடு ஒட்டினால், ஏசியின் அளவும் ஜெனரேட்டரின் அளவும் தானாகக் குறையும். இதைச் செய்தவர்கள் குறைவு.

ஆமத்தூர் வழியாகச் சிவகாசி சாலை பிடித்தோம். திருத்தங்கல் நெருங்க நெருங்க அவர் சொன்ன அறைகள் தென்பட ஆரம்பித்தன. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தொழிற்சாலை என்றே தோன்றாது. புகைபோக்கி இல்லை, பெரிய கொட்டகை இல்லை. பரந்த பொட்டல் நிலத்தில் சின்னச் சின்ன அறைகள் ஒன்றையொன்று நெருங்காமல் சிதறி நிற்கின்றன. நடுவில் வேப்ப மரங்கள். முக்கியமாக, அறைகளுக்குப் போகும் மின்கம்பி எதுவும் இல்லை.

டீக்கடை ஒன்றில் ஓய்வுபெற்ற போர்மேன் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். இளவயதில் வேலைக்கு வந்து, தலை நரைக்கும்வரை பட்டாசு ஆலைகளில் இருந்தவர். எங்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு நாங்கள் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் வாயால் கேட்ட பிறகுதான் அந்தச் சிதறிய அறைகள் எனக்கு அர்த்தமாயின.

மருந்து கலக்கும் அறை தனி. அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மற்ற வேலை அறைகளில் நான்கு பேர். ஆபத்தென்றால் ஓடுவதற்குத் தோதாகக் கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும். தரையில் ரப்பர் விரிப்பு. மருந்தோடு மணல் சேர்ந்து உராயக் கூடாது என்பதற்காகச் செருப்பு வெளியே. பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும், நைலான் சேலைக்கு அனுமதியில்லை. வாசலில் தரையோடு இணைத்த செப்புத் தகடு ஒன்று இருக்கும். வறண்ட காற்றில் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் இறங்கிப் போக, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அலுமினியப் பொடி சேர்த்த கலவையில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். அதனால் அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே முடிக்க வேண்டும், மீந்ததை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. விளக்கு கிடையாது, அதனால் பகல் வெளிச்சத்தில் மட்டும் வேலை. மின்விசிறியும் கிடையாது.

“ஒரு ரூம்ல என்ன நடந்தாலும் அது அடுத்த ரூமுக்குப் போகக் கூடாது தம்பி. அதுக்குத்தான் இடையில இவ்வளவு எடம் சும்மா கெடக்கு. பாக்குறவனுக்கு அது வீணாப் போற எடமாத் தெரியும்.”

பட்டாசு அறைக்குள் காற்றாடி ஓடாது என்பது எனக்குக் கேள்விப்பட்ட செய்திதான். ஆனால் கூரையில் ஏசியை வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் நிற்கும்போது அதன் கனம் வேறு. அந்த நேரத்தில் ஆலைப் பேருந்து ஒன்று வந்து நின்று, வேலை முடிந்த பெண்கள் இறங்கினார்கள். கையிலும் முகத்தோரத்திலும் அலுமினியப் பொடியின் வெள்ளிப் பூச்சு. எங்கள் வண்டியைப் பார்த்ததும் இரண்டு பேர் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். ஏறினார்கள், கட்டிலைத் தட்டிப் பார்த்தார்கள், ஏசிக்கு நேராகக் கொஞ்ச நேரம் நின்றார்கள். “எம்மவன் காலேசுல படிக்கான், அவன் ஆஸ்டல்ல ஏசி இருக்காம்” என்று ஒரு அக்கா பெருமையாகச் சொன்னார். பகல் முழுதும் 40 டிகிரியில், விசிறி இல்லாத அறையில் குந்தியிருந்து திரி வைத்தவர் அவர். அந்த வருமானத்தில் படிக்கும் பையன் குளிர்ந்த அறையில் படுக்கிறான் என்பதில் அவருக்கு இருந்த மகிழ்ச்சியை என்னால் மறக்க முடியாது.

இந்த ஊரை உண்டாக்கியதே வெயில்தான். மழை பொய்த்து விவசாயம் கைவிட்ட பூமி. 1922 வாக்கில் இங்கிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். குச்சியும் பெட்டியும் காயவேண்டிய தொழிலுக்கு மழை பெய்யாத ஊரைவிடத் தோதான ஊர் எது? தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து வெடி. 1940இல் வெடிபொருள் விதிகள் உரிமம் கேட்க ஆரம்பித்ததும் முறையான பட்டாசு ஆலைகள் எழுந்தன. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் வேண்டுமென்று வந்த அச்சுத் தொழில் பிறகு நாடு முழுவதற்கும் காலண்டர் அடித்துக் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. இன்றும் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகிறது. இந்தியாவில் விற்கும் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு இந்த வட்டாரத்தில் செய்தது என்பார்கள். கம்பி மத்தாப்பு களத்தில் காய்வதும், குழாய்க்கு ஒட்டிய காகிதம் இறுகுவதும் இந்த வெயிலில்தான். நாங்கள் பெட்ரோல் எரித்து விரட்டப் பார்த்த அதே சூடு இங்கே மூலதனம்.

மூலதனமே ஆபத்தும் ஆகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேல். அதற்குப் பிறகும் ஆண்டுக்கு ஆண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் செய்தியில் “உராய்வு” என்று ஒரு சொல் வரும். உராய்வு முதல் பொறி மட்டும்தான். ஒரு பொறி ஒரு அறையோடு நிற்காமல் வரிசையாகப் பரவுகிறதென்றால், நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் கூட ஆள் இருந்திருப்பார்கள். இல்லாவிட்டால் அறைக்கு வெளியே மரத்தடியில் மருந்தை வைத்து வேலை நடந்திருக்கும், உரிமம் வாங்கியவர் அறைகளை உள்குத்தகைக்கு விட்டு நாளொன்றுக்கு இத்தனை பெட்டி என்று விரட்டியிருப்பார். இறந்தவர்கள் மேல் அஜாக்கிரதை என்று பழி போடுவதை நான் ஏற்கவில்லை. அந்த இடைவெளியைக் காசாக்கியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

போர்மேன் அய்யா எங்கள் வண்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். என்ன விலை, எவ்வளவு குளிரும் என்று எதுவும் இல்லை. பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, “இதோட புகை எங்கிட்டுப் போகுது?” என்றார். ஜெனரேட்டரிலிருந்து ஒயர் உள்ளே போகத் தரைத்தகட்டில் போட்டிருந்த ஓட்டையில் விரலை விட்டுக் காட்டினார்.

அந்த இடத்தில் எனக்கு வடகரை நினைவு வந்தது. 2024 டிசம்பர் 23 அன்று கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். உடம்பில் காயமில்லை. கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஏசி போட்டு, கதவடைத்து அளந்து பார்த்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு அடித்தட்டில் இருந்த துளை வழியாக உள்ளே ஏறியிருந்தது. இரண்டு மணி நேரத்தில் அளவு 957 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 957 பங்கு. 400 பங்கிலேயே ஓரிரு மணி நேரத்தில் தலைவலி பிடிக்கும். 800ஐத் தொட்டால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் உயிர் போகும்.

இந்த வாயுவுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. தூங்குகிறவருக்குத் தூக்கம் ஆழமாவது போல இருக்கும், அவ்வளவுதான். புகை நெடி வந்தால் எழுந்துகொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நெடி வேறு, இந்த வாயு வேறு. நெடியே இல்லாமலும் இது சேரும். ஏசி போட்ட வண்டி என்பது சன்னல்களை இறுக அடைத்த பெட்டி. வீட்டிலாவது கதவிடுக்கு வழியாகக் காற்று போய்வரும். பத்தடிக்குப் பத்தடி கூட இல்லாத இந்தப் பெட்டிக்குள் ஓட்டை வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஏறினாலும் போதும், நிறைந்துவிடும். வண்டியின் பின்பக்கத்தை உரசிக்கொண்டு ஜெனரேட்டர் நிற்கும்போது, காற்று எதிர்ப்பக்கம் திரும்பினால் புகை வண்டிக்கடியில்தான் தங்கும்.

பட்டாசு அறையையும் இந்த வண்டியையும் ஒரே கண்ணால் பார்க்க அந்தப் போர்மேனால் முடிந்தது. அவருடைய தொழிலில் முதல் கேள்வி, எரிகிற பொருளும் ஆளும் எவ்வளவு தூரம் என்பது. கேரவனில் ஊர் சுற்றுகிற எங்களைப் போன்றவர்கள் வாங்கும்போது கேட்பது எத்தனை வாட், எத்தனை சத்தம், எத்தனை லிட்டர். தூரம் என்ற கேள்வி பட்டியலில் இருப்பதே இல்லை. சினிமா யூனிட்காரர்கள் பெரிய ஜெனரேட்டரைத் தனி வண்டியில் ஏற்றி, எங்கோ தள்ளி நிறுத்தி, நீளக் கேபிள் இழுத்துத்தான் விளக்குப் போடுகிறார்கள். அது சத்தத்துக்காகச் செய்வது. நாம் அதை உயிருக்காகச் செய்ய வேண்டும்.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தோம். சிவகாசிக் கடைவீதியில் 2.5 சதுர மில்லிமீட்டர் ரப்பர் கேபிள் வாங்கினோம். மெல்லிய கேபிளில் நீளம் கூடினால் வோல்டேஜ் விழுந்து கம்ப்ரசர் மறுபடி திணறும், அதனால் அதற்குக் குறைந்து வாங்கக் கூடாது. ஜெனரேட்டரைக் கேரியரிலிருந்து இறக்கி, வண்டிக்கு 20 அடிக்குக் குறையாமல், காற்று வண்டியிலிருந்து அதை நோக்கி வீசும் பக்கமாக, சைலன்ஸர் வெளிப்பக்கம் பார்க்க வைப்பது என்று முடிவானது. தரைத்தகட்டின் ஓட்டையை அடைத்து, ஒயரைப் பக்கவாட்டுச் சாக்கெட் வழியாக மாற்றினார் ஓர் எலெக்ட்ரீஷியன் தம்பி. கட்டிலின் தலைமாட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்ட வேண்டும். சிவகாசியில் அது கிடைக்கவில்லை, மதுரையிலிருந்து பேருந்தில் வரவழைத்தோம். ஏசியின் விலையில் சிறு பங்கு அது. கேரவன் வாடகைக்கு விடுகிற எல்லோரும் மாட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் வரவேண்டிய பொருள்.

இன்னொன்றும் அந்த ஊரில் உறைத்தது. சிவகாசிக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. சாலையோரக் கடைகளில் விலை மலிவு, கார் டிக்கி நிறையப் பட்டாசு ஏற்றிக்கொண்டு போகிறவர்களைத் தீபாவளிக்கு முன்னால் நிறையப் பார்க்கலாம். மச்சானுக்கும் ஆசை. பெட்ரோல் கேனும், சூடான சைலன்ஸர் உள்ள எஞ்சினும், சமையல் அடுப்பும் இருக்கும் வண்டிக்குள் பட்டாசுப் பெட்டியை ஏற்றுவது பற்றி நினைக்கவே கூடாது. பெட்ரோல் ஆவி தீப்பற்றுகிற அளவுக்கு எழுவதற்கு வெயிலே வேண்டாம், பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேயே எழும். ஓடுகிற ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றுவதும் இதே ரகம். இந்தச் சின்ன ஜெனரேட்டர்களின் டாங்க் ஒரு ராத்திரிக்குப் போதாது. நடுச்சாமத்தில் தூக்கக் கலக்கத்தோடு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் ஊற்றுவார்கள். நிறுத்தி, கால் மணி நேரமாவது ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். அந்தக் கால் மணி நேரம் வேர்க்கும், வேர்க்கட்டும்.

சத்தத்துக்கும் இங்கே ஒரு கணக்கு உண்டு. பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது சுற்றுச்சூழல் விதி. அதே விதித் தொகுப்பில் பெட்ரோல் ஜெனரேட்டருக்கும் 86 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. பட்டாசுச் சத்தம் ஒரு நொடி, ஜெனரேட்டர் இரவெல்லாம். பகல் முழுதும் விசிறியில்லாமல் உழைத்து வந்து, மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுக்கிறவர்களின் தெருவில் அதை ஓடவிட எனக்கு மனம் வரவில்லை. கோயில் திடலில் நிறுத்தலாமா என்று கேட்டபோது யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனாலும் நாங்கள் அங்கே போகாமல் ஒரு கல்யாண மண்டபத்துக் காவலாளியிடம் பேசினோம். முகூர்த்தம் இல்லாத நாள். சுவரோரம் 16 ஆம்பியர் பிளக் இருந்தது.

அந்த ஒரு பிளக்கில் எல்லாம் தீர்ந்தது. 16 ஆம்பியர், 230 வோல்ட் என்றால் 3,600 வாட்டுக்கு மேல் தாங்கும். கம்ப்ரசர் எத்தனை முறை நின்று எடுத்தாலும் முனகல் இல்லை. ஜெனரேட்டரில் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல் என்று வைத்தால், எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 800 ரூபாய் கரைந்துவிடும். பிளக்கில் ஆறு, ஏழு யூனிட்டுக்கு நூறு ரூபாய்க்கு உள்ளேதான். காவலாளிக்கு அதைவிடக் கூடவே கொடுத்தோம். புகை இல்லை, சத்தம் இல்லை, பெட்ரோல் கேனைத் தொட வேண்டியதும் இல்லை. வசதியுள்ள வெளிநாட்டு முகாம்களில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மின்கம்பம் நட்டிருப்பது இதற்காகத்தான். அங்கே ஜெனரேட்டர் வழியில் மாட்டிக்கொண்டால் எடுக்கும் பொருள்.

மறுநாள் சாத்தூரில் காராச்சேவு வாங்கிக்கொண்டு, வெம்பக்கோட்டையில் அகழாய்வு நடந்த மேட்டைப் பார்த்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். வெம்பக்கோட்டைச் சாலையின் இரண்டு பக்கமும் பட்டாசு அறைகள்தான். அந்த நீளம் முழுக்க ஜெனரேட்டரைத் தொடவில்லை, அடுப்பைப் பற்றவைக்கவில்லை, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெக்கையிலேயே ஓட்டினோம். யாரும் கேட்டுச் செய்ததில்லை. அந்த அறைகளுக்குள் இருப்பவர்கள் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு வேறு மாதிரி போக முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும்போது காற்று கொஞ்சம் மாறியது. மேற்கே செண்பகத்தோப்பு மலை, அதைச் சுற்றிய காடு 2021இலிருந்து புலிகள் காப்பகம். மாந்தோப்பு ஒன்றின் ஓரத்தில் தோட்டக்காரரிடம் கேட்டு வண்டியை நிறுத்தினோம். கூரை மேல் நிழல் விழுந்தது. மதியம் மூன்று மணிக்கு, 20 அடிக் கேபிளின் மறுமுனையில் ஜெனரேட்டரைப் போட்டு ஏசியைத் தட்டினான் மச்சான். கப்பாசிட்டர் வேலை செய்தது, முதல் முயற்சியிலேயே எடுத்தது. நிழலும் கைகொடுத்திருக்கும், கூரை சூடு குறைந்தால் கம்ப்ரசரின் இழுவையும் குறைகிறது. இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, வெயில் தணிந்ததும் நிறுத்திவிட்டோம்.

அங்கே உட்கார்ந்துதான் வண்டிக்காரருக்குக் கணக்குப் போட்டோம். பழைய ஏசிக்குப் பதில் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி. 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாட்டரி, ஏறத்தாழ ஐந்து யூனிட் தாங்கும். கூரைக்கு நுரைத் தகடு ஒட்டி, வெப்பநிலையை 27இல் வைத்தால் ஓர் இரவை ஓட்டிவிடலாம். கூரையில் மீதமுள்ள இடத்தில் மூன்று சோலார் தகடுகள். இந்த மாவட்டத்து வெயிலில் அவை சும்மா இருக்காது. நினைத்துப் பார்த்தால், மத்தாப்பைக் காயவைப்பதைப் போலவே இந்த ஊர் வெயிலை இதற்கும் வேலை வாங்க முடியும். ஜெனரேட்டரை விற்றுவிடச் சொல்லவில்லை. மழைநாளுக்கு அது இருக்கட்டும், கேபிளோடும் அலாரத்தோடும்.

சுற்றுலாத் துறையிடம் கேட்க எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. கேரவன் பூங்கா என்று பெரிதாக எதையும் கட்ட வேண்டாம். விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஓர் இடம், பட்டாசு அறைகள் இல்லாத பக்கமாக. நான்கைந்து வண்டி நிற்க நிழல், வண்டிக்கொரு 16 ஆம்பியர் பிளக், மீட்டர், ஒரு குழாய். பஞ்சாயத்தே வசூல் செய்துகொள்ளலாம். அப்படி ஒன்று வரும்வரை இந்தப் பக்கம் வருகிறவர்கள் கல்யாண மண்டபத்துக் காவலாளியைத்தான் தேட வேண்டியிருக்கும். தோட்டக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். நாங்கள் ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குக் கிளம்பினோம்.